கரன்ட் பில் முதல் குப்பை எடை வரை... நாட்டின் கார்பன் கணக்கு எழுத அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி ஏன்?

2020-ல் இந்தியா வெளியிட்ட பசுமை இல்ல வாயுக்கள் சுமார் 295.9 கோடி டன். காடுகள் உறிஞ்சுவதைக் கழிக்காமல், 2024 டிசம்பரில் ஐ.நா.விடம் மத்திய அரசு கொடுத்த கணக்கு இது. இதை எந்த மீட்டரும் காட்டவில்லை. எரிபொருள், தொழில், விவசாயம், கழிவு பற்றிய பதிவுகளில் இருந்து கணக்கிட்டதுதான்.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மயிலாப்பூரில் ஒரு வீடு 2 மாதத்தில் 500 யூனிட் கரன்ட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பெருக்கினால் 350 கிலோ. அவ்வளவுதான்.

அப்புறம் பயிற்சி எதற்கு?

எங்கே எழுதுவது என்பதில்தான் சிக்கல். தேசியக் கணக்கில், நிலக்கரி எரியும் மின்நிலையத்தில்தான் இந்தப் புகை பதிவாகும். வீட்டுக் கணக்கிலும் சேர்த்தால் ஒரே புகை இரண்டு முறை வந்துவிடும். நகரக் கணக்கில் கரன்ட் செலவான இடம்தான் முக்கியம். 2023-ல் வெளியான சென்னை காலநிலை செயல் திட்டத்தில் கட்டடங்கள், தொழிற்சாலைகளின் எரிசக்தி பயன்பாட்டின் பங்கு 71%.

குப்பைக்கு வேறு கணக்கு. தி.நகர், அடையாறில் சேரும் உணவுக் கழிவு கிடங்குக்குப் போனால் பல வருஷம் மீத்தேன் விடும். அதனால் பழைய எடைப் பதிவுகளும் வேண்டும்.

தப்பானால் என்ன ஆகும்?

ஜிடிபி-யுடன் ஒப்பிட்ட உமிழ்வை, 2005-ஐ விட 45% குறைப்பதாக இந்தியா சொல்லியிருக்கிறது. கெடு 2030. கணக்கே தவறினால், குறைந்ததா என்பதே தெரியாது. பயிற்சி பெற்றவர் டிரான்ஸ்ஃபர் ஆனாலும் அடுத்தவர் அதே முறையில் தொடர வேண்டும். அதனால் எந்த எண், எங்கிருந்து வந்தது என்று எழுதி வைப்பதும் பயிற்சியில் ஒரு பாடம்.