கைத்திறன் காத்த குடிகள்

கோடைக்காலத்து மாலையில் நம் குடியிருப்பில் மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் நாம் படும் பாட்டை நாமே அறிவோம். மேல்தொட்டிக்கு நீர் ஏறாது, மாவு அரையாது, குளிர்ப்பெட்டியில் வைத்த பால் திரிந்துவிடுமோ என்ற கவலை பிறக்கும், மின்தூக்கி நின்றுவிட, முதியோர் படிக்குப் படி இளைப்பாறி மாடி ஏறுவர். அம்மியும் ஆட்டுக்கல்லும் நம் பாட்டிமாரோடு ஊரிலேயே தங்கிவிட்டன. அவற்றை இங்குக் கொண்டுவந்திருப்பினும் பழகிய கை நம்மிடம் இல்லை.

உலகின் செல்வ நாடாகிய அமெரிக்காவின் நடுவே, ஊர் மின்கம்பியை வீட்டிற்குள் விடாமலே ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் இன்றும் வாழ்கின்றனர் என்றால் வியப்பாக இல்லையா? அவர்கள் ஆமிஷ் எனப்படும் கிறித்தவக் குடியினர். வறுமையால் அவர்கள் அவ்வாறு வாழவில்லை, விரும்பியே வாழ்கின்றனர். நிலத்தை உழவும், உணவைக் காக்கவும், நீரை ஏற்றவும், வீட்டை எழுப்பவும் வேண்டிய பழந்திறன்களை அவர்கள் எவ்வாறு காத்தனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதை வரலாற்று வழி நின்று காண்போம். பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மொழியினர் நடுவில் வாழும் நமக்கு அக்கதை முழுதும் அயலார் கதை அன்று.

தோற்றமும் துன்பமும்

1525ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஒரு வீட்டில் சிலர் கூடினர். ஒருவர்க்கொருவர் மறுபடியும் திருமுழுக்கு அளித்துக்கொண்டனர். அறியாப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் போதாது, அறிவு வந்தபின் தானே விரும்பி ஏற்பதே சமயம் என்பது அவர்கள் கொள்கை. அரசும் திருச்சபையும் பின்னிக் கிடந்த அந்நாளில் இஃது அரசையே எதிர்ப்பதாகக் கருதப்பட்டது. 1527ஆம் ஆண்டு சனவரியில் அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை நகர ஆட்சியினர் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றனர். அவரைப் பின்பற்றியோர் பலர் எரிக்கப்பட்டனர். பலர் நாடு கடத்தப்பட்டனர்.

அவர்கள் படைக்கலம் ஏந்துவதில்லை. ஆணையிட்டுச் சத்தியம் செய்வதில்லை. 1569ஆம் ஆண்டு நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையினின்று தப்பி உறைபனி மீது ஓடினார். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து நீரில் வீழ்ந்தான். ஓடியவர் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். அதனால் பிடிபட்டு எரியுண்டு மாண்டார். இக்கதையை ஆமிஷ் வீடுகளில் இன்றும் பிள்ளைகட்குச் சொல்லி வருகின்றனர்.

இவ்வியக்கத்தாருள் மென்னோ சைமன்ஸ் என்பாரைப் பின்பற்றியோர் மென்னோனைட்டுகள் எனப் பெயர் பெற்றனர். ஒழுங்குமுறையை இன்னும் கடுமையாகக் காக்கவேண்டும் என்று 1693ஆம் ஆண்டில் யாகோப் அம்மான் என்பவர் பிரிந்தார். அவர் பெயரால் அமைந்ததே ஆமிஷ் என்னும் பெயர்.

நகரங்களினின்று விரட்டப்பட்ட இவர்கள் மலைச்சரிவுகளிலும் பிறர் வேண்டாத நிலங்களிலும் குத்தகைக்குக் குடியேறினர். உழவன்றி வேறு வழி இல்லை. ஆதலின் மாடுகளைக் கொட்டிலில் கட்டி எருச் சேர்த்தனர், குளோவர் என்னும் தீவனப் பயிரை மாற்றுப் பயிராக விதைத்து மண்ணை வளப்படுத்தினர், ஜிப்சம் இட்டனர். அக்காலத்தில் இவை புதுமுறைகள். இன்று பழைமைவாதிகள் எனப் பெயர் பெற்றவர்களின் முன்னோர் அன்று ஐரோப்பிய உழவில் முன்னோடிகளாய் இருந்தனர் என்பது நினைவில் வைக்கத்தக்கது. அவர்கட்குப் புதுமை பகை அன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில், சமய உரிமை அளித்த பென்சில்வேனியாவை நாடிக் கடல் கடந்தனர். 1737ஆம் ஆண்டு பிலடெல்பியாவை அடைந்த சார்மிங் நான்சி என்னும் கப்பலில் பல ஆமிஷ் குடும்பங்கள் வந்தன. ஐரோப்பாவில் எஞ்சியோர் மெல்ல மெல்லப் பிறரோடு கலந்தனர். அங்கிருந்த கடைசிச் சபை 1937ஆம் ஆண்டில் மென்னோனைட்டுச் சபையோடு இணைந்தது. தாய்நாட்டில் அழிந்த மரபு புலம்பெயர்ந்த நாட்டில் தழைத்தது.

எதை ஏற்பது, எதை விலக்குவது?

ஆமிஷ் மக்கள் எந்திரம் அனைத்தையும் வெறுப்பவர் என்று பலர் எண்ணுவர். அது பிழை. ஒரு புதுப்பொருள் ஊருக்குள் வருமுன் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: இது நம்மை ஒருவரோடொருவர் சேர்க்குமா, பிரிக்குமா?

1910ஆம் ஆண்டளவில் லங்காஸ்டர் வட்டாரத்தில் தொலைபேசியும் ஒரு காரணமாகப் பிணக்கு எழுந்து, ஒரு சாரார் பிரிந்து சென்றனர். எஞ்சியோர் தொலைபேசி வீட்டிற்குள் கூடாது என்றனர். பின்னர், பல வீட்டார்க்கும் பொதுவாகத் தெருமுனையில் சிறு கொட்டகை அமைத்து அதில் வைத்துக்கொண்டனர். அவசரத்திற்கு அது பயன்படும். ஆனால் வீட்டிற்கு வந்த விருந்தினரிடமிருந்து நம்மைப் பிரிக்காது. மோட்டார் வண்டியில் ஏறிச் செல்லலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளலாகாது. 1920ஆம் ஆண்டை ஒட்டி ஊர் மின்கம்பியை விலக்கினர், மின்கலத்தை விலக்கவில்லை. டிராக்டரைக் களஞ்சியத்தின் அருகே நிறுத்தி எந்திரம் சுழற்றலாம் என்றும், வயலில் இறக்கலாகாது என்றும் அதே காலத்தில் வரையறுத்தனர். குதிரையால் உழுபவன் அளவோடு நிலம் வைப்பான். டிராக்டர் உடையவனுக்கு அண்டை வீட்டான் நிலமும் வேண்டியிருக்கும்.

இவ்விதிகளின் தொகுதியை ஒர்ட்னுங் என்பர். பெரும்பாலும் அது எழுதப்படாத சட்டம். இருபது முதல் நாற்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. ஆண்டிற்கு இருமுறை, திருவிருந்துக்கு முன் கூடி அவ்விதிகளை எண்ணிப் பார்ப்பர். மனவேறுபாடு தீராவிடில் திருவிருந்து தள்ளிப் போகும். சபைக்குச் சபை விதி வேறுபடுவதும் உண்டு.

திறன் கற்கும் வகை

ஆமிஷ் உழவன் இளங்குதிரையைத் தனியே பழக்குவதில்லை. வேலையறிந்த முதுகுதிரையோடு சேர்த்துப் பூட்டுவான். நம் உழவர் புதுக்காளையைப் பழகிய காளையோடு பூட்டுவதும் இம்முறையே. பிள்ளைகட்கும் கல்வி அவ்வாறே. நான்கு வயதுச் சிறுவன் கோழிமுட்டை பொறுக்குவான். எட்டு வயதில் பால் கறப்பான். பதின்மூன்று வயதில் தந்தையின் கண்பார்வையில் குதிரைகளை ஓட்டுவான். மக்காச்சோளம், ஓட்ஸ், கோதுமை, தீவனப்புல் எனப் பயிரை மாற்றி மாற்றி விதைக்கும் முறையை அவன் நூலில் படிப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வயலில் நடந்து அறிகிறான்.

பெண்மக்கள் கோடை முழுதும் உணவு காக்கும் வேலையில் ஈடுபடுவர். 1858ஆம் ஆண்டில் ஜான் மேசன் என்பவர் உரிமை பெற்ற திருகுமூடிக் கண்ணாடிச் சாடியே அவர்கள் செல்வம். தக்காளி, பீச்சு, அவரை, இறைச்சி எனப் பல நூறு சாடிகள் நிலவறைத் தட்டுகளில் அடுக்கப்படும். இதில் நுட்பம் உண்டு. புளிப்புள்ள கனிகளுக்குக் கொதிநீர் போதும். அவரைக்கும் இறைச்சிக்கும் அது போதாது. நீராவியை அடைத்து ஏறத்தாழ 116 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றினாலன்றி உயிரைக் குடிக்கும் நச்சுக் கிருமியின் வித்து அழியாது. பழமை என்றால் கண்மூடி எதையும் செய்வது அன்று என்பதற்கு இது சான்று. ஊறுகாய்ச் சாடியில் ஈரக்கரண்டி படலாகாது என்று நம் பாட்டி அதட்டியதும் இத்தகைய அறிவே.

நீருக்குக் காற்றாலை உண்டு. சரிவான இடங்களில் 1796ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மாண்ட்கோல்பியர் கண்ட கருவி ஒன்றைப் பயன்படுத்துவர். குழாயில் விரைந்து இறங்கும் நீரைத் திடீரென ஓர் அடைப்பு தடுக்கும். அப்போது எழும் அழுத்தம் நீரின் ஒரு பகுதியை மேட்டிற்கு ஏற்றிவிடும். எண்ணெயும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. மிகக் கண்டிப்பான சபையினர் சனவரியில் குளத்துப் பனிக்கட்டியை வாளால் அறுத்து, மரத்தூள் பொதிந்த அறையில் அடுக்கிக் கோடையில் பயன்கொள்வர்.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளி, களஞ்சியம் எழுப்பும் நாள். ஒருவருடைய களஞ்சியம் எரிந்துபோனால், தலைமைத் தச்சர் முன்கூட்டியே மரங்களை அளந்து, ஒன்றன் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றில் துளை இட்டு வைப்பார். குறித்த நாளில் நூற்றுக்கணக்கானோர் விடியலில் கூடுவர். கழுந்தைத் துளையில் செருகி மர ஆணி அறைந்து, நண்பகலுக்குள் கூடு எழும்பிவிடும். மாலையில் கூரையும் முடியும். மகளிர் அத்தனை பேருக்கும் சமைப்பர். சிறுவர் ஆணி எடுத்துக் கொடுத்து, உச்சியில் நிற்கும் தந்தையரைப் பார்த்து நிற்பர். தீக்காப்பீட்டு நிறுவனம் அவர்கட்கு வேண்டுவதில்லை. அண்டை வீட்டாரே காப்பீடு.

பள்ளி வழக்கு

எட்டாம் வகுப்போடு ஏட்டுக்கல்வி போதும் என்பது அவர்கள் முடிவு. நாட்டுப்புறத்து ஓரறைப் பள்ளிகளை மூடி, பெரும்பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க அரசுகள் முற்பட்டபோது மோதல் எழுந்தது. பென்சில்வேனியாவில் தந்தையர் சிலர் சிறை சென்றனர். 1955ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஏற்பாடு உருவாயிற்று. எட்டாம் வகுப்பு முடித்தவர் வாரத்திற்கு மூன்று மணி நேரம் வகுப்பிற்கு வந்து, வீட்டிலும் வயலிலும் தாம் கற்ற வேலையை நாட்குறிப்பாக எழுதிக் காட்டினால் போதும். உழவே பாடம்; நாட்குறிப்பே தேர்வு.

விஸ்கான்சின் மாநிலத்தில் பிள்ளைகளை உயர்பள்ளிக்கு அனுப்பாத மூன்று தந்தையர்க்குத் தலைக்கு ஐந்து டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்காடுதல் ஆமிஷ் மரபன்று. ஆதலின் பிற சமயத்தார் குழு அமைத்து அவர்கட்காக வாதாடினர். 1972ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. எனினும் நீதிபதி டக்ளஸ் ஓரளவு மாறுபட்டார். பெற்றோர் உரிமை பேசினீர்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டீர்களா என்பது அவர் கருத்து.

அக்கேள்வியை நாமும் ஒதுக்கிவிடல் இயலாது. அறிவார்வம் மிக்க ஒரு பெண், மருத்துவம் படிக்க விரும்பினால் என் செய்வாள்? திருமுழுக்குப் பெறுமுன் வெளியேறுவோர் தடையின்றி உறவு கொள்ளலாம். பெற்றபின் விலகினாலோ, சொந்தத் தாய் தந்தையரே ஒரே மேசையில் அமர்ந்து உண்ணாத அளவுக்கு ஒதுக்கிவைப்பதும் உண்டு. காக்கப்பட்ட திறன்கட்குக் கொடுத்த விலையில் இதுவும் சேர்ந்தது.

இன்றைய நிலை

முழுத் தன்னிறைவு அவர்களிடமும் இல்லை. சர்க்கரையையும் துணியையும் கடையில் வாங்குகின்றனர். நோயுற்றால் மருத்துவமனை செல்கின்றனர். நிலத்தின் விலை ஏறியதால் பெரிய குடியேற்றங்களில் உழவை விட்டுத் தச்சுப்பட்டறையிலும் கட்டட வேலையிலும் புகுந்தோரே மிகுதி. அப்பட்டறைகளில் டீசல் எந்திரத்தால் காற்றை அழுத்தி, அக்காற்றால் கருவிகளை இயக்குவர். சூரிய ஒளியால் மின்கலம் ஏற்றுவோரும் உளர். ஆயினும் இளைஞருள் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் அளவில் சபையிலேயே நிலைக்கின்றனர். இருபது ஆண்டுக்கு ஒருமுறை தொகை இரட்டிக்கிறது.

அவர்கள் திறனைக் கற்க வெளியாரும் விழைகின்றனர். ஓஹியோ மாநிலத்துக் கிட்ரன் என்னும் ஊரில் ஆமிஷ் மக்களுக்கென 1955ஆம் ஆண்டில் லேமன்ஸ் என்னும் கடை தோன்றியது. விளக்கும், விறகடுப்பும், கைக்கருவிகளும் அங்குக் கிடைக்கும். எழுபதுகளில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோதும், 1999ஆம் ஆண்டில் கணிப்பொறிகள் நின்றுவிடும் என்று அஞ்சியபோதும் நகரத்தார் அக்கடையை மொய்த்தனர். விளக்கு கிடைத்தது; அடுப்பு கிடைத்தது. களஞ்சியம் எரிந்தால் விடியலில் வந்து நிற்கும் இருநூறு பேர் எந்தக் கடையில் கிடைப்பர்?

நமக்கு இதனால் யாது?

நாம் அவர்களைப் போல் வாழப் போவதில்லை. நம் பெண்மக்களின் படிப்பை எட்டாம் வகுப்பில் நிறுத்தவும் மாட்டோம். ஆயினும் ஒன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக ஆங்கிலத்தின் நடுவில் வாழும் இம்மக்கள் வீட்டில் இன்றும் பென்சில்வேனிய ஜெர்மன் பேசுகின்றனர். ஆங்கிலத்தைப் பள்ளியில் நன்கு கற்கின்றனர். அது அவர்தம் தாய்மொழியை விழுங்கவில்லை. காரணம் எளிது. அடுப்பங்கரையிலும் குதிரைக் கொட்டிலிலும் பெரியவரோடு சேர்ந்து வேலை செய்யும்போது அம்மொழியே தேவைப்படுகிறது. வேலை போனால் சொல் போகும்.

நம் இல்லங்களைப் பார்ப்போம். முறம், உரல், சல்லடை, திரிகை என்னும் சொற்கள் நம் பிள்ளைகட்குப் பாடநூற் சொற்களாய்விட்டன. அவற்றைப் பிடித்த கையை அவர்கள் கண்டிலர். நம் ஞாயிறு வகுப்பில் அரிச்சுவடி கற்பிக்கிறோம்; நன்று. அதனோடு, கோடை விடுமுறையில் ஒரு நாள் மொட்டைமாடியில் வடகம் பிழியவும், மாவிலைத் தோரணம் கட்டவும், கோலம் இழைக்கவும் நம் முதியோர் பக்கத்தில் பிள்ளைகளை அமர்த்தினால் என்ன? முதியோர் நம்மிடையே உள்ளனர். ஆனால் என்றும் இருக்கப் போவதில்லை. பழகிய காளை இருக்கும்போதே புதுக்காளையைப் பூட்டவேண்டும். அடுத்த ஆண்டு விழா மலர் வெளிவருமுன் அதற்கொரு நாள் குறிப்போமாக.