நிலத்தடித் தாங்கியும் கிணற்று நீரும்

1995 ஒக்ரோபர் 20ஆம் திகதி கொலன்னாவ, ஒருகொடவத்தை எண்ணெய்க் குதங்கள் தாக்குதலுக்குள்ளாகித் தீப்பற்றியபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் நின்று அந்தக் கரும்புகையைப் பார்த்தேன். பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் பல நாட்கள் அந்தத் தீயைப் பற்றியே எழுதினோம். தீப்பற்றாமல், ஓசையின்றி மண்ணுக்குள் இறங்கும் எண்ணெயைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இலங்கையின் எரிபொருள் வணிகம் நெடுங்காலம் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் கையில் இருந்தது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. 1962இல் அக்கம்பனிகளின் சொத்துக்களில் ஒரு பகுதி அரசுடைமையாயிற்று. நட்டஈட்டுத் தகராறு முற்றி, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964 தொடக்கம் உள்நாட்டு விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் வசமானது. இந்த வரலாற்றை அரசியலாகவே நாம் படித்தோம். கைமாறிய சொத்துக்களுள் பெற்றோல் நிலையங்களின் அடியில் புதைந்திருந்த இரும்புத் தாங்கிகளும் அடங்கும் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

வெள்ளவத்தையில் காலி வீதியோரப் பெற்றோல் நிலையமொன்றில், இரவுக் கடமை முடிந்து திரும்பும் வேளைகளில் ஒரு காட்சியைக் கண்டிருக்கிறேன். ஊழியர் தரையிலுள்ள மூடியைத் திறந்து, நீண்ட அளவுகோலை உள்ளே இறக்கி, நனைந்த அடையாளத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். கோலின் நுனியில் ஒரு பசை பூசுவார்கள். அடியில் நீர் புகுந்திருந்தால் அதன் நிறம் மாறும். வந்த அளவு, விற்ற அளவு, எஞ்சிய அளவு மூன்றும் பொருந்தினால் கணக்குச் சரி.

ஆனால், துளித்துளியாகக் கசிவதை இந்தக் கோல் காட்டாது. வெப்பத்தில் பெற்றோல் விரிகிறது, ஆவியாகிறது; சிறு குறைவு அந்தக் கணக்கில் மறைந்துவிடும். அதனால்தான் தாங்கியை அடைத்து, அழுத்தம் கொடுத்து, அது குறைகிறதா என்று பார்க்கும் சோதனை தேவைப்படுகிறது. அமெரிக்கா இதற்கென 1984இல் சட்டமியற்றி, 1988இல் விதிகளை வகுத்து, பழைய தாங்கிகளைச் சீராக்க 1998 டிசம்பர் வரை தவணை கொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் அதிகமான தாங்கிகள் அங்கே மூடப்பட்டன.

கொழும்பு மாநகரம் 1886 முதல் லபுகம நீர்த்தேக்கத்தின் குழாய்நீரைக் குடித்து வருவது. நிலத்தடியில் கசிந்தால் அதன் நாக்குக்குத் தெரிய வராது. யாழ்ப்பாணம் அப்படியல்ல. சுண்ணக்கல் நிலம், கிணறே உயிர். சுன்னாகத்தில் மாசுக்குக் காரணம் பெற்றோல் தாங்கியன்று, மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு. ஆனாலும் பாடம் ஒன்றே. கிணற்றில் எண்ணெய் மிதந்த பிறகே ஊர் அறிந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாம். மண்ணுக்குள் போன எண்ணெயைத் திரும்ப எடுப்பது அத்தனை எளிதல்ல. சோதனைக் கருவி செய்ய வேண்டிய வேலையைக் குடிக்கும் கிணறு செய்ய நேர்ந்தால், அந்தச் சோதனை ஏற்கனவே பிந்திவிட்டது என்பதே பொருள்.