காப்புரிமை விண்ணப்பம்

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இன்கீழ் ஒரு கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டு தனியுரிமை கோரும் மனு. தமிழ்நாட்டின் ஆலங்காயத்தில் வசிப்பவருக்குரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். ஆய்வு முடியாத நிலையில் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்து முன்னுரிமைத் தேதியைப் பெறலாம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். பன்னாட்டு, பிரிப்பு, கூடுதல் விண்ணப்பங்களும் உண்டு.

18 மாதம் கழிந்ததும் விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியாகும். ஆனால் பரிசோதனை தானாக நடக்காது. தனியே கோர வேண்டும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலானவற்றுக்கு இதற்கான கெடு 31 மாதம், முன்பு 48.

கண்டுபிடிப்பில் ஆலங்காயத்தை அடுத்த சவ்வாது மலையின் மூலிகையைப் பயன்படுத்தியிருந்தால், அது கிடைத்த இடத்தை விவரக்குறிப்பில் சொல்லியாக வேண்டும். மலைவாழ் மக்கள் வழிவழியாக அறிந்த மருந்துமுறைக்கு 3ஆம் பிரிவு காப்புரிமையை மறுக்கிறது.