ரப்பர் பட்டையும் 119-ஆவது நிமிடமும்

ஜெர்மன் கால்பந்து வீரர்கள் காலில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து பழகினார்கள். 2004-இல் வந்த புதுப் பயிற்சி அது. மூன்று முறை உலகக் கோப்பை வென்ற நாட்டின் அணி. பத்திரிகைகள் சும்மா விடுமா? கிண்டலடித்துத் தீர்த்துவிட்டன.

அந்தப் பட்டையைக் கொண்டுவந்தவர் மார்க் வெர்ஸ்டெகன். அமெரிக்கர். அரிசோனாவில் விளையாட்டு வீரர்களுக்கான உடற்பயிற்சி நிறுவனம் நடத்திவந்தவர். அவரைக் கூட்டிவந்தவர் யூர்கன் கிளின்ஸ்மன்.

அணி அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது. 2000 யூரோவில் முதல் சுற்றோடு வெளியேற்றம். 2004 யூரோவிலும் அதேதான்: நெதர்லாந்துடன் 1-1, லாட்வியாவுடன் 0-0, மாற்று வீரர்களை இறக்கிய செக் அணியிடம் 1-2. பயிற்சியாளர் ரூடி ஃபோலர் விலகினார். இரண்டு வருடத்தில் சொந்த மண்ணில் உலகக் கோப்பை. அதுவரை எந்த அணிக்கும் பயிற்சியாளராக இருந்திராத, கலிபோர்னியாவில் குடியிருந்த கிளின்ஸ்மன் பொறுப்பேற்றார்.

அவர் கணக்கு எளிமையானது. வேகமாக, முன்னேறித் தாக்கி ஆட வேண்டும். அதற்கு 90 நிமிடமும் ஓடக்கூடிய உடம்பு வேண்டும். ஆனால் தேசிய அணிக்கு வீரர்கள் கிடைப்பதே வருடத்தில் சில வாரங்கள்தான். மீதி நாளெல்லாம் கிளப்பின் கையில். ஆகவே உடம்பைப் பரிசோதித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார்கள். கிளப்புகளுக்கு அது பிடிக்கவில்லை.

2006 மார்ச் 1. ஃபுளோரன்ஸில் இத்தாலியிடம் 4-1 தோல்வி. உலகக் கோப்பைக்கு நூறு நாள் இருக்கும்போது! கிளின்ஸ்மன் நாடாளுமன்ற விளையாட்டுக் குழு முன் வந்து விளக்கம் சொல்லணும் என்கிற அளவுக்குப் போய்விட்டது பேச்சு. அன்று ஓட்டெடுப்பு நடந்திருந்தால் வெர்ஸ்டெகனை அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பார்கள்.

ஆனால் ஜூனில் கதை மாறியது. போலந்துக்கு எதிராக 91-ஆவது நிமிடத்தில் கோல், 1-0. காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் பின்தங்கியிருந்தபோது 80-ஆவது நிமிடத்தில் குளோஸா தலையால் முட்டிச் சமன் செய்தார், பெனால்டியில் வெற்றி. கடைசியில் மூன்றாம் இடம். ரப்பர் பட்டையைக் கேலி செய்தவர்களே உடற்தகுதியின் மகிமையைப் பாட ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். கடைசி நிமிட கோல்கள் நல்ல உடற்தகுதிக்குச் சாட்சி என்று சொல்கிறோம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். போலந்து ஆட்டத்தில் கோல் அடித்த நோய்வில், பந்தைக் கடத்திக்கொடுத்த ஓடொன்கோர் இருவருமே மாற்று வீரர்கள். களைக்காத கால்கள். போலந்தில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயிருந்தார். அர்ஜென்டினா ஆட்டத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் காயத்தால் வெளியேறினார். ரிக்கெல்மேயைப் பயிற்சியாளரே வெளியே எடுத்தார். இதிலெல்லாம் ரப்பர் பட்டையின் பங்கு எவ்வளவு?

அடுத்து அரையிறுதி. டோர்ட்முண்ட், ஜூலை 4, மறுபடியும் இத்தாலி. 118 நிமிடம் கோல் இல்லை. 119-இல் க்ரோசோ, கூடுதல் நேரம் முடியும் தருணத்தில் டெல் பியரோ. 2-0. கடைசி நிமிடம்தான் அளவுகோல் என்றால் இந்த இரண்டு நிமிடங்களையும் வெர்ஸ்டெகன் கணக்கில்தானே எழுத வேண்டும்? யாரும் எழுதவில்லை. எழுதாததும் சரிதான்.

என் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரே வாரத்தில் மூன்று மாற்றங்களை ரிலீஸ் செய்வோம், சர்வர் வேகமாகிவிடும். மறுநாள் மீட்டிங்கில் மூன்று பேரும் கைதூக்குவார்கள். ஒரு தடவை நானும் தூக்கினேன். ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கால்பந்தில் அது முடியாது. லாம், ஷ்வைன்ஸ்டைகர், பொடோல்ஸ்கி என்ற இளம் தலைமுறை, யோவாகிம் லோவின் வியூகம், உளவியலாளர் ஹெர்மன், சொந்த ஊர்க் கூட்டம் எல்லாமே ஒரே ரிலீஸில் வந்தவை. இன்னொன்று, இதே நாடு 2002-இல் இறுதிப்போட்டி வரை போயிருந்தது. அடிமட்டத்தில் கிடக்கிற அணி எப்படியும் கொஞ்சம் மேலே வரும். அந்த நேரத்தில் உள்ளே வருகிறவருக்குப் பேர் கிடைத்துவிடும்.

அப்போ உடற்பயிற்சியாளர் வீண் செலவா? இல்லை. 2008-இல் கிளின்ஸ்மன் பயர்ன் மியூனிக் போனார், அடுத்த ஏப்ரலிலேயே வேலை போனது. அங்கே உடற்பயிற்சிதான் அதிகம் நடந்தது, வியூகம் பற்றிய பேச்சு குறைவு என்று லாம் 2011-இல் தன் புத்தகத்தில் குறைப்பட்டுக்கொண்டார். வியூகம் இல்லாத இடத்தில் உடம்பு மட்டும் போதவில்லை. தேசிய அணியிலோ லோவ் தொடர்ந்தார், வெர்ஸ்டெகனின் சகா ஷாட் ஃபோர்சித்தும் 2014 வரை அங்கேயே இருந்தார். அந்த வருடம் உலகக் கோப்பை வந்தது. இறுதிப்போட்டியில் 113-ஆவது நிமிடத்தில் கோல் அடித்த கோட்ஸவும் மாற்று வீரர்தான்!

உடற்பயிற்சியாளர் கோல் போடுவதில்லை. 80-ஆவது நிமிடத்திலும் பயிற்சியாளரின் திட்டம் காலில் மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அவரை அளக்க ஸ்கோர்போர்டைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: கேலி ஓய்ந்த பிறகும், அவரை அழைத்துவந்தவர் போன பிறகும், அந்தப் பழக்கம் அணியில் நீடித்ததா? ஜெர்மனியில் நீடித்தது. ஃபுளோரன்ஸ் தோல்விக்கு மறுநாள் அவரை அனுப்பியிருந்தால், யாருக்குமே அது தெரிந்திருக்காது.