வந்தவர் வளர்த்த சென்னைக் கலை

புனேயின் கோந்த்வா போன்ற இடங்களில் குடியேறி வாழும் தமிழர் உள்ளத்தே ஒரு வினா எழுவது இயல்பு: பிறமொழி வழங்கும் நாட்டில் நாம் என்றும் விருந்தினர்தாமோ? நம் சென்னையின் கலை வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

1850-ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளி, நெடுங்காலம் கைத்தொழிற் பயிற்சிக்கே முதன்மை தந்தது. 1929-இல் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஒரு வங்காளி. அவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் அங்கே தழைத்தன. மெரினாக் கடற்கரையில் நால்வர் பாறையை நகர்த்தும் உழைப்பாளர் சிலை அவர் படைப்பே, 1959-இல் நிறுவப்பெற்றது. அதனை வங்காளச் சிலை என்பார் எவருமிலர். சென்னைச் சிற்பி தனபால் அவரிடம் பயின்றவர்; பின்னர்த் தாமும் பல தமிழ் இளைஞர்க்கு ஆசானானார்.

1957-இல் அடுத்த முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர், கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. மேனாட்டுப் பாணியோடு நில்லாது, எழுத்து வடிவங்களையும் சோதிடக் கட்டங்களையும் ஓவியத்துள் கொணர்ந்தார். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், மைசூர் வாசுதேவும் கேரளத்து ஹரிதாசனும் தமிழ்க் கலைஞரோடு கூடி உழைத்தனர். பாத்திக் துணி வேலை முதலிய கைத்தொழில்களே அவர்க்குச் சோறிட்டன.

வந்தவர் தம் திறனை ஒளிக்காது கற்பித்தனர். சென்னையும் அவர்களை ஆசிரியராக ஏற்றுப் போற்றியது. இவ்விரண்டனுள் ஒன்று குறைந்திருப்பினும் தமிழகத்தின் நவீனக் கலை இவ்வளவு வளர்ந்திராது. குடிபுகுந்த ஊருக்கு நாம் எதனைக் கற்பிக்கின்றோம் என்பதே நாம் கேட்கத் தக்க வினா.