படிகம் கட்டிய கதை

கற்கண்டு விளையும் விதத்தை நம்மிற் பலர் அறிவோம். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு, பாத்திரத்தை அசைக்காமல் சில நாள் வைத்திருந்தால், நூலைப் பற்றிக் கட்டிகள் வளரும். கட்டி விளையும் என்பது பாகு காய்ச்சுபவருக்குத் தெரியும். அதனுள் மூலக்கூறுகள் எவ்வரிசையில் அமரும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. ரசாயன அறிஞரும் நெடுங்காலம் ஏறக்குறைய இந்நிலையிலேயே இருந்தனர். எளிய பொருளின் படிக அமைப்பைக்கூட முன்கூட்டிச் சொல்ல இயலாதிருப்பது விஞ்ஞானத்துக்கே இழுக்கு என்னும் கருத்துப்பட, 'நேச்சர்' இதழின் ஆசிரியர் ஜான் மாடக்ஸ் 1988-இல் எழுதினார்.

மறு ஆண்டே இவ்விழுக்கைத் துடைக்க முனைந்த இரு வெளியீடுகள் தோன்றின. ஒன்று மெல்போர்னிலிருந்து வந்தது. அங்கே ரிச்சர்ட் ராப்சன் என்னும் ஆசிரியர், 1974-இல் மாணவர்க்குக் காட்டுவதற்காக, மர உருண்டைகளில் துளையிட்டுக் குச்சிகளைச் செருகி அணு மாதிரிகள் செய்வித்தார். துளைகள் சரியான இடத்தில் அமைந்தால் உருவம் தானாகவே வந்துவிடுகிறது என்பதைக் கண்டார். மெய்யான அணுக்களும் இவ்வாறு இணங்குமா என்று சோதிக்கப் பத்தாண்டுக்கு மேல் சென்றது. 1989-இல், செப்பு அயனிகளை மூட்டுக்களாகவும் கரிம மூலக்கூறுகளைக் கழிகளாகவும் கொண்டு, வைரத்தின் அமைப்பையொத்த, உள்ளே வெற்றிடம் நிறைந்த சட்டகத்தை அவர் கட்டிக் காட்டினார்.

மற்றொன்று நம் ஹைதராபாதிலிருந்து வந்த நூல். படைப்பணி முடித்தோருக்கென எழுந்த இந்தச் சைனிக்புரி நகரின் வடகிழக்கில் இருக்கிறது; ஹைதராபாத் பல்கலைக்கழகமோ மேற்குக் கோடியில், கச்சிபௌலியில். ஒரு முறை போய் வந்தால் அன்றைய பொழுது போயிற்று! 1974-இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், சரோஜினி நாயுடுவின் இல்லமாயிருந்த 'கோல்டன் த்ரெஷோல்ட்' மாளிகையில் முதலில் இயங்கியது. சென்னையில் 1952-இல் பிறந்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற கௌதம் தேசிராஜு, 1979-இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் எழுதிய 'படிகப் பொறியியல்' பற்றிய ஆங்கில நூல் 1989-இல் வெளியாயிற்று.

அவர் கட்டியவை உலோகச் சட்டகங்கள் அல்ல. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இலேசாகப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்களையே அவர் ஆராய்ந்தார். கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜன் அருகிலுள்ள ஆக்ஸிஜனை ஈர்க்குமா என்பது நீண்ட வழக்கு. 1960-களில் சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனின் குழு ஈர்க்கும் என்றது, மறுத்தோரும் உண்டு. கேம்பிரிட்ஜில் 1965-இல் தொடங்கிய படிகத் தொகுப்பின் அளவுகளை ஒப்பிட்டு, இத்தகைய நலிந்த பிணைப்பும் படிகத்தின் வடிவை நிர்ணயிக்க வல்லது என்று தேசிராஜு எடுத்துக்காட்டினார். பெரிய கருவிகள் மலிந்த நாடுகளோடு போட்டியிடுவதற்கு இது நல்ல வழி என்பது என் எண்ணம். இதற்கு வேண்டியது கூர்ந்த பார்வை.

ஆயினும் அன்றாட வேலை கற்கண்டுக்காரருடையதே. மாணவர் கரைசலைச் சிறு குப்பியில் ஊற்றி, ஆவியாகி வற்றும்வரை அசையாமல் வைக்கிறார். பல குப்பிகளில் பொடிதான் மிஞ்சும். ஒன்றில் நல்ல படிகம் கிடைத்தால், எக்ஸ் கதிரில் வைத்து, அணுக்கள் எண்ணியபடி அமர்ந்தனவா என்று பார்க்கிறார்.

ராப்சனின் சட்டகம் எளிதில் சரிந்தது. ஜப்பானியரான சுசுமு கிடகாவா, வாயு புகுந்து வெளியேறினும் குலையாத சட்டகத்தை 1997-இல் அமைத்தார். ஜோர்டானில் பிறந்த ஓமர் யாகி, துத்தநாகத்தைக்கொண்டு 1999-இல் அமைத்ததில் சில கிராமை எடுத்து, உட்பரப்பையெல்லாம் விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் அளவாகும்! பாலைவனக் காற்றிலிருந்து நீர் பிடிக்கவும் இவ்வகைச் சட்டகங்கள் உதவின. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தேசிராஜு 2009-இல் பெங்களூருக்குச் சென்றார். 2011 முதல் 2014 வரை சர்வதேசப் படிகவியல் சங்கத்தின் தலைவராக விளங்கினார்.