மலையேறிய ஒல்லாந்துக் காசு

வெள்ளிக்கிழமைகளில் சூரத்துல் கஹ்ஃபு ஓதும்போது ஓரிடத்தில் என் மனம் நின்றுவிடும். குகையில் உறங்கி எழுந்த இளைஞர்கள், தங்களில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து, உணவு வாங்கிவர ஊருக்குள் அனுப்புகிறார்கள். அது பழைய அரசன் காலத்துக் காசாக இருந்தபடியால்தான் ஊரார் அவரை விசாரித்தார்கள் என்று தஃப்ஸீர்களில் விளக்கம் உண்டு. ஆள் வாய் திறக்குமுன் கையிலிருந்த காசு காலத்தைச் சொல்லிவிட்டது.

ஹட்டனுக்கு அருகே நான் படிப்பிக்கும் பாடசாலையில், ஒன்பதாம் தரத்து மாணவி ஒருத்தி கொப்பித் தாளில் சுற்றிய ஒரு செம்புக் காசை என் மேசையில் வைத்தாள்.

"சேர், இது எந்த நாட்டுக் காசு?"

ஒரு விரல் நுனியில் நிற்கக்கூடிய சிறிய காசு. மூன்று கிராம் அளவே இருக்கும். ஒரு பக்கம் முடி சூடிய கேடயம். அதற்குள் அலைகளிலிருந்து எழும் சிங்கம். மறுபக்கம் பெரிய 'வி' எழுத்து, அதன் இரு கால்களிலும் கோத்தாற்போல 'ஓ'வும் 'சி'யும். கீழே 1794 என்ற ஆண்டு. விளிம்போரமாக யாரோ ஆணியால் அடித்த துளை.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'டொயிட்' அது. சிங்கமும் அலையும் ஸீலாந்து மாகாணத்தின் சின்னம். நாம் வாயில் வழங்கும் 'துட்டு' இந்த டொயிட்டிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு.

நானும் பல வருடங்களாகப் பழைய காசு சேர்க்கிறவன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து, நெப்போலியன் காலத்துக் காசுகள் மீது எனக்குத் தனி ஆசை. அரசியல் எவ்வளவு வேகமாக மாறியது என்பதை அந்தக் காசுகளில் ஆண்டுவாரியாகப் படிக்கலாம். 1792இன் இரண்டு சோல் காசில் பதினாறாம் லூயி 'பிரெஞ்சு மக்களின் அரசன்' என்ற பட்டத்தோடு இருக்கிறான்; பின்புறத்தில் 'தேசம், சட்டம், அரசன்' என்று மூன்று சொற்கள். அரசன் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டான்! தேவாலய மணிகளை உருக்கிய உலோகத்திலும் அக்காசுகள் அடிக்கப்பட்டன. 1793 ஜனவரியில் அவன் தலை வெட்டப்பட்டது. அந்த ஆண்டுச் சோலில் அரசன் முகத்துக்குப் பதில் தராசு வந்தது. 1804இல் நெப்போலியன் பேரரசனானான். ஆனால் 1808 வரையில் அவன் காசின் முன்பக்கம் 'பேரரசன் நெப்போலியன்' என்றும், பின்பக்கம் 'பிரெஞ்சுக் குடியரசு' என்றும் சொல்லிக்கொண்டிருந்தது.

இதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் எகிப்து. 1798இல் கெய்ரோவைப் பிடித்த பிரெஞ்சுக்காரர், அங்கே அடித்த காசுகளில் உஸ்மானிய சுல்தான் மூன்றாம் ஸலீமின் பெயரையே தொடர்ந்து பொறித்தார்கள். சந்தையில் சனங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமே! ஆண்டது ஒருவர், காசில் இருந்தது இன்னொருவர் பெயர். ஆகவே காசின் முகத்தை மட்டும் நம்பி வரலாறு எழுதக் கூடாது. முகத்தில் இருப்பது ஆட்சியாளர் சொல்ல விரும்பிய கதை.

எனக்கே இது தாமதமாகத்தான் விளங்கியது. ஒருமுறை நெப்போலியன் தலை போட்ட ஐந்து பிராங் வெள்ளிக் காசு என்று ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். அசல் காசு 25 கிராம் நிறை, 37 மில்லிமீற்றர் விட்டம். என்னுடையது நிறையிலும் குறைந்தது, காந்தத்திலும் ஒட்டியது. வெள்ளி எப்போது காந்தத்தில் ஒட்டியது? ஏமாந்ததைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. அதுவரை நான் வாங்கிய எந்தக் காசைப் பற்றியும், 'இது எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தார்கள்?' என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அதனால் மாணவி கொண்டுவந்த டொயிட்டைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான். அவளுக்குத் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரியும் என்றாள்.

லயத்துக்குப் போனேன். பாட்டி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க மாமனாரு கான் வெட்டுறப்ப எடுத்தாரு சேர். மேல்மலையில, பழைய ஒத்தையடிப் பாத ஒண்ணு போவும், அதுக்குப் பக்கத்துல. கடையில குடுத்துப் பாத்தாராம், செல்லாதுன்னுட்டாங்க. அப்பறம் ஓட்ட போட்டு எங்க வீட்டுக்காரருக்கு அரணாக்கயித்துல கட்டிவிட்டாங்க. அவருக்குப் பொறகு எம் மகனுக்கு."

ஒரு டொயிட்டின் வரலாறு இப்படி நான்கு வரியில் கிடைத்தது. அந்த மலையில் தேயிலை வருமுன்பே, ஏன், கோப்பி வருமுன்பே அடிக்கப்பட்ட காசு அது. கம்பளைக்கு அருகே ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் போட்டது 1824இல். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். அப்படியானால் ஸீலாந்துக் காசு மேல்மலைக்கு எப்படிப் போனது?

முதலில் அது இலங்கைக் கரைக்கு வந்த காலத்தைப் பார்ப்போம். 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை உறைந்த ஆறுகளைக் கடந்து ஒல்லாந்துக்குள் புகுந்தது. ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி பெப்ரவரி 7ஆம் திகதி கியூ என்ற இடத்திலிருந்து கடிதம் எழுதினார். அவ்வளவுதான்: ஓகஸ்டில் திருகோணமலை, செப்டம்பரில் யாழ்ப்பாணம், 1796 பெப்ரவரியில் கொழும்பு என்று ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் கைக்குப் போயின. கொழும்பைக் காத்துநின்ற டி மியூரோன் என்ற சுவிஸ் படையணியே பேரம் பேசப்பட்டு ஆங்கிலேயர் பக்கம் மாறியது. 1799 டிசம்பர் 31உடன் ஒல்லாந்தக் கம்பனியும் இல்லாமல் போனது. 1802இன் ஆமியன் உடன்படிக்கை, கரையோர இலங்கையை ஆங்கிலேயருக்கே உறுதி செய்தது. பாரிஸ் தெருக்களில் தொடங்கிய கலகம் கொழும்புக் கோட்டையின் கொடியை மாற்றியது. ஸீலாந்தின் அந்த 1794 காசு, பழைய ஆட்சியின் கடைசிக் காசுகளில் ஒன்று.

கொடி மாறினாலும் கணக்கு உடனே மாறவில்லை. 48 ஸ்டைவர், அதாவது 12 பணம், ஒரு ரிக்ஸ் டொலர் என்ற ஒல்லாந்தர் கணக்கையே ஆங்கிலேயரும் வைத்துக்கொண்டார்கள். 1803 முதல் கொழும்பில் அவர்கள் அடித்த வெள்ளிக் காசில் யானை உருவம் வந்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஷஹீதான திப்பு சுல்தானின் செம்புக் காசிலும் யானைதான் இருந்தது. ஒல்லாந்தரிடம் சேவகம் செய்த மலாய் வீரர்களையும் ஆங்கிலேயர் தம் படையில் சேர்த்தார்கள். 1803 கண்டிப் போரில் சிறைப்பட்டு, மன்னனின் சேவகத்தை ஏற்க மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட மலாய்க் கப்டன் நூருத்தீன் அவர்களில் ஒருவர்.

கரைக்கு வந்த காசு மலையேறிய வழி எது? 1766 உடன்படிக்கைக்குப் பிறகு தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தர் கையில். கண்டி இராச்சியத்துக்கு உப்புக்கூடக் கீழிருந்துதான் வரவேண்டும். அந்த உப்பையும் கருவாட்டையும் புடவையையும் மேலே ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கியது தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டம். அதை நடத்தியவர்களில் பெரும்பங்கினர் நம்மவர்கள். கண்டி மன்னர்களின் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே'யில் முஸ்லிம்கள் ஊழியம் செய்ததை லோர்னா தேவராஜாவின் நூல் விரிவாகச் சொல்கிறது. மலைநாட்டில் அதற்கு முன்பே கொக்கி வடிவ வெள்ளிக் காசு புழங்கியது. பாரசீகத்தின் லார் நகரப் பெயரால் 'லாரின்' எனப்பட்ட காசின் வாரிசு அது. மன்னனின் அனுமதியோடு யாரும் அதைச் செய்துகொள்ளலாம் என்று, கண்டியில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் எழுதினார்.

மேல்மலையின் ஒற்றையடிப் பாதையில் ஒரு தவளக்காரரின் மடியிலிருந்து அந்த டொயிட் விழுந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். நாம் இந்த மலைக்கு எப்போது வந்தோம் என்று கேட்கிறவர்களுக்குக் கையில் எடுத்துக்காட்ட ஒரு காசு! ஆனால் வேறு வழிகளும் உண்டு. ஒல்லாந்தர் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் முடிச்சிலும் அது வந்திருக்கலாம். ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நம் மார்க்க முறையும் இல்லை. ஆனால் கிடைத்த இடம் குறிக்கப்பட்டால், நாளைக்கு அதே பாதையில் இன்னொரு சாட்சி கிடைக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பேசலாம்.

மாணவியின் தகப்பனாரிடம் ஒருவர் காசை விலைக்குக் கேட்டிருந்தார். "பெரிய தொக கெடைக்குமா சேர்?" என்று அவர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். டொயிட் ஏராளமாக அடிக்கப்பட்ட காசு. துளை விழுந்ததால் சேகரிப்பாளரிடம் மதிப்பு இன்னும் குறையும். அதோடு சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், தொல்பொருளுக்கு 1815 மார்ச் 2ஐ எல்லைத் திகதியாக வைத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதே ஆண்டு ஜூன் 18இல் வோட்டர்லூவில் நெப்போலியன் வீழ்ந்தான். அவன் காலத்துக் காசு இந்நாட்டு மண்ணிலிருந்து வெளிப்பட்டால், அது அந்த எல்லைக்கு உட்பட்டதுதான். அறிவிக்க வேண்டியது கடமை.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த மண்ண கொத்துனது நாங்க, மண்ணும் எங்களுது இல்ல, மண்ணுல கெடச்சதும் இல்லயா சேர்?" என்றார். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் யாரிடம் ஆவணம் கேட்டது என்பதை அறிந்த எனக்கு, அதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பாட்டிதான் முடித்தார்: "காச விக்க வேணாம். எங்க மாமனாரு எடுத்தாருன்னு எழுதி வைங்க."

கம்பளை, அக்குறணை, மாவனல்லைப் பகுதிகளில் நம் பழைய வீடுகளின் தகரப் பேணிகளில், உம்மும்மாமாரின் பெட்டகங்களில், இப்படி எத்தனை செல்லாக் காசுகள் கிடக்கின்றனவோ! வாசகர்கள் அவற்றைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம். நிறைக்கு விற்கவும் வேண்டாம். வைத்திருந்தவர் யார், எங்கே கிடைத்தது, எதற்குத் துளை போட்டார்கள் என்று முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தொல்பொருள் திணைக்களத்துக்கான கடிதத்தை அந்த மாணவியே எழுதினாள். எழுத்துப் பிழைகளை மட்டும் நான் திருத்தினேன். 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் கான் வெட்டிய பாட்டனாரின் பெயரை முழுமையாக எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தாள்.